புது ஓனருக்குப் பதினோரு யோசனைகள்

கார் திருடுபோன கொட்டகையில் காரைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன. ஷஹாபுதீனை முதலில் உறுத்தியது அதுதான்.

இருபத்தெட்டு வருஷம் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் டாக்ஸி ஓட்டியவர் அவர். திருடர்கள் விஷயத்தில் அனுபவசாலி. அவருடைய அம்பாசிடரிலிருந்து ஒரு தடவை பேட்டரியையும், ஒரு தடவை பின்சீட்டையும், வேறெதுவும் அகப்படாத கோபத்தில் ஒரு தடவை பாதி குடித்து வைத்திருந்த தண்ணீர் பாட்டிலையும் கொண்டுபோயிருக்கிறார்கள். எடுத்தது போக மிச்சத்தை அடுக்கி வைத்துவிட்டுப் போன திருடனை மட்டும் அவர் பார்த்ததில்லை.

முதலியார்பேட்டையில் கோபிநாத் வீட்டுக்குப் பின்புறம் இருந்த அந்தத் தகரக் கொட்டகையின் தரையில் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் புத்தம்புது ஸ்டீரியோ, பளபளக்கும் இரட்டை ஹாரன், நீல நிறத்தில் மினுக்கும் விளக்குச் சரம். எல்லாம் காரிலிருந்து கழற்றியவை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதனதன் திருகாணிகளைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி வைத்திருந்தது.

"மேடம், இது திருட்டு மாதிரி தெரியல. யாரோ சீர்வரிசை வச்சிட்டுப் போயிருக்காங்க. தாம்பாளம் மட்டும்தான் இல்ல," என்றார் ஷஹாபுதீன்.

சுமலதா குனிந்து திருகாணிப் பொட்டலங்களைப் பார்த்தாள். பதினான்கு வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்வையிட்டு அறிக்கை எழுதியவள். வேலையை விட்டுவிட்டு, காந்தி வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்து நாலு வருஷமாகிறது. டாக்ஸியை விற்றுவிட்டுச் சும்மா இருந்த ஷஹாபுதீனை டிரைவராகச் சேர்த்துக்கொண்டாள். பேச்சை நிறுத்த முடியாது என்று தெரிந்ததும் உதவியாளர் என்று பதவியை மாற்றினாள்.

"என் வோக்ளேர் கார் போச்சு மேடம்!" என்று கோபிநாத் மறுபடி ஆரம்பித்தார். உழவர்கரையில் டைல்ஸ் ஷோரூம் வைத்திருப்பவர். நாலு மாதத்துக்கு முன்பு, கப்பூஸ் கோயில் ஓரத்தில் பூட்டிக் கிடந்த, பிரெஞ்சுக்காரர் காலத்தில் பத்திரம் பதிந்த ஒரு நோத்தேரின் பழைய வீட்டிலிருந்து அந்தக் காரை வாங்கியிருந்தார். அதற்கு முன்பு அவருக்குப் பழைய கார் என்றால் போன வருஷத்து மாடல். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு. யுத்தத்துக்கு முன்னாடி வண்டி. மேல தொறந்தது. கம்பெனியே அந்த யுத்தத்தோட மூடிட்டான். இந்தியாவுல இது ஒண்ணுதான்."

"ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா சார்?" என்றார் ஷஹாபுதீன்.

"எங்கயுமே கிடைக்காது!" என்றார் கோபிநாத், பெருமையாக.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை கடற்கரைச் சாலையில் பழைய கார்களின் ஊர்வலம். பதினேழு கார்கள். முதல் கார் கோபிநாத்துடையது. ஓட்டுவதும் அவரேதான். பின்சீட்டில் விழாக்குழுத் தலைவர். இரண்டு பக்கப் படிகளிலும் அந்தக்கால பிரெஞ்சு உடுப்பில் ஆறு பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொற்றிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டே வருவார்கள்.

"டிரஸ் தைச்சாச்சு மேடம். தொப்பிகூட வந்தாச்சு. வண்டிதான் இல்ல."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல. கலியபெருமாள்னு ஒரு மெக்கானிக். ஆறு ஞாயித்துக்கிழமை வந்து எனக்கு வண்டியைப் பத்தி பாடம் எடுத்தான். இந்த ஊர்ல அதை ஸ்டார்ட் பண்ணத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான். ஒன்பது மணிக்கே போலீஸ் அவனைத் தூக்கிட்டாங்க. எங்க ஒளிச்சு வச்சிருக்கான்னு சொல்ல மாட்டேங்கறான். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வாயைத் தொறக்கலன்னா கேஸ் எழுதி உள்ள அனுப்பிடுவாங்க. அவன் கெடக்கட்டும், எனக்கு வண்டி வேணும். அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டேன்."

சுமலதா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றே கால். பிறகு சுவரைப் பார்த்தாள்.

கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் பெரிய எழுத்தில் 'புது ஓனருக்கு' என்று எழுதி, கீழே வரிசையாக எண்கள் போட்டிருந்தது. ஷஹாபுதீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார். அவசரம் ஆகாது. தேங்கின பெட்ரோல் விஷம், முதல்ல அதை இறக்கு. மண் வாளி பக்கத்துல இல்லாம ஸ்டார்ட் பண்ணாதே. டயர்ல பட்டன் தேய்ஞ்சிருக்கான்னு பார்க்காதே, வயசைப் பாரு. ஸ்டார்ட் பண்ண ஹேண்டில் போடறப்ப கட்டைவிரலை மடக்காதே, திருப்பி அடிச்சா மணிக்கட்டு போயிடும். பழைய சாமான் எதையும் குப்பையில போடாதே. புதுசா எதையும் ஒட்டாதே. கை காட்டாம திரும்பாதே. எட்டுவரைக்கும் படிக்க முடிந்தது. அதற்குக் கீழே ஊர்வலத்தின் போஸ்டர் ஒட்டியிருந்தது; அதன் அடியில் பதினொன்று என்ற எண் மட்டும் எட்டிப் பார்த்தது. போஸ்டரில் கோபிநாத் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் நீங்க செஞ்சீங்களா சார்?" என்றாள் சுமலதா.

"அதுவா? அவன் கிறுக்கினது மேடம். ஊர்வலம் முடிஞ்சதும் வெள்ளையடிக்கணும்."

சுமலதா கொட்டகையைச் சுற்றி வந்தாள். ஒரு மூலையில் பழைய பெட்ரோல் ஒரு தகர டின்னில் இறக்கப்பட்டு, வாயில் ஈரச்சாக்கு போட்டு மூடியிருந்தது. காரின் முன்பக்கம் நின்றிருக்க வேண்டிய இடத்தில் மண் நிரப்பிய வாளி. காரைத் தூக்கி நிறுத்தியிருந்த மரக்கட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன.

"காணாமப் போனது கார் மட்டும்தானா?"

கோபிநாத் யோசித்தார். "ஒரு கோணிப்பை. வண்டியிலிருந்து எடுத்த துருப்பிடிச்ச சாமான். காயலான் கடைக்குப் போடறதுக்காக வச்சிருந்தேன்."

"புது ஸ்டீரியோவை வச்சிட்டு குப்பையைத் தூக்கிட்டுப் போயிருக்கான். திருடனுக்குக் கண்ணு சரியில்ல," என்றார் ஷஹாபுதீன்.

கொட்டகை வாசலில் தட்டில் மோர் வந்தது. கோபிநாத்தின் மனைவி துர்கா. நாற்பது வயதிருக்கும். தட்டைத் துணி துவைக்கிற கல்லின்மேல் வைத்துவிட்டு நின்றாள்.

"காலையில ஏதாவது சத்தம் கேட்டுச்சாங்க?" என்று சுமலதா அவளைக் கேட்டாள்.

"அவளுக்கு ஒண்ணும் கேக்கல மேடம்," என்றார் கோபிநாத். "ஆறரைக்கு காபி குடுத்து என்னை எழுப்பினா. ஏழரைக்கு நான் வந்து பார்க்கறேன், கொட்டகை காலி." துர்கா காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார். "போலீஸ், அரெஸ்ட்டு, இதெல்லாம் வீட்ல சொல்லல. எதுக்கு பயமுறுத்தணும்?"

அந்தத் தெருவில் பால் ஊற்றுகிற சின்னப்பொண்ணு முனையில் சைக்கிளை நிறுத்திப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருந்தது. பார்த்தும் இருந்தாள். போலீஸ் தன்னை எதுவும் கேட்கவில்லை என்ற மனக்குறை அவளுக்கு இருந்ததால், கேட்டதற்கு மேலேயே சொன்னாள்.

"அஞ்சேகால் இருக்கும்மா. நல்லா விடியல, தூறல் வேற. ஒரே சுத்துதான், டக்குனு புடிச்சிகிச்சு. அந்த வூட்டுக்காரரு சுத்துனா தெருவே எழுந்து உக்காரும். அரைமணி நேரம் சுத்துவாரு, அப்புறம் வண்டியைத் திட்டுவாரு."

"ஓட்டுனது யாரு?"

"மூஞ்சி தெரியல. மழைக்கோட்டு போட்டு, தலையில ஹெல்மெட்டு."

"கார் ஓட்டறதுக்கு ஹெல்மெட்டா?" என்றார் ஷஹாபுதீன்.

"மேலதான் கூரை இல்லியே," என்றாள் சின்னப்பொண்ணு. "சாமி ஊர்வலம் போறாப்புல மெல்லமா போச்சு. நான் சைக்கிள்ல தாண்டிட்டேன். கடலூர் ரோடு முனையில, ஒரு ஈ காக்கா இல்லாத ரோட்ல, வெளியே கையை நீட்டி, காட்டி, அப்புறம்தான் தெக்கால திரும்புச்சு."

ஷஹாபுதீன் மாருதியைக் கிளப்பியபோது தலையை ஆட்டிக்கொண்டார். "இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்ல நான் ஒரு நாள் கை காட்டினது இல்ல மேடம். காட்டினா எதிர்ல வர்றவன் பிச்சை கேக்கறோம்னு நினைச்சுக்குவான். திருடன் காட்டறான்!"

"அதான் பாய் விஷயமே," என்றாள் சுமலதா.

காவல் நிலையத்தில் ஏட்டு தன் சிவப்புத் தொப்பியை மேசைமேல் கழற்றி வைத்துவிட்டு, அதற்குள் சாவிக்கொத்தைப் போட்டிருந்தார். கலியபெருமாள் ஒரு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது, ஒல்லி, கையில் எத்தனை தேய்த்தாலும் போகாத கிரீஸ். அடிக்கவில்லை என்று ஏட்டு தானாகவே முன்வந்து சொன்னார். அடித்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும் என்பது அவர் குரலில் தெரிந்தது.

"நான் எடுக்கலம்மா," என்றார் கலியபெருமாள். "எனக்கு எதுக்கு அந்த வண்டி? அதுல பிரேக்கே இல்ல."

"பிரேக்கே இல்லையா?"

"பேருக்கு இருக்கு. லைனிங் பூரா எண்ணெய் குடிச்சி ஊறிப்போச்சு. அவருகிட்ட ஆறு வாரமா சொல்றேன். ஊர்வலம் முடியட்டும்னாரு. நான் பேசறப்ப அவரு செல்போன்ல டைல்ஸ் கணக்கு பேசுவாரு. கடைசி ரெண்டு வாரம் அவரு வரவே இல்ல, ஊர்வல மீட்டிங்னு போயிட்டாரு. அவரு கத்துக்கிட்டதெல்லாம் ஹாரன் அடிக்கறது ஒண்ணுதான்."

"சுவத்துல நீங்க எழுதினதை போஸ்டர் மறைச்சிருக்கு. பதினொண்ணாவது என்ன?"

"பிரேக்குக்கு அரியாங்குப்பம் பட்டறை அம்மாவாசை. வேற எவன் கையிலயும் குடுக்காதே. அதான்."

சுமலதா எழுந்தாள். கிளம்பப் போகிறவள் மாதிரி இரண்டடி வைத்துத் திரும்பினாள். "வண்டி ஒரே சுத்துல ஸ்டார்ட் ஆச்சாம். பால்காரம்மா சொன்னாங்க. மெல்ல போய், கை காட்டித் திரும்புச்சாம்."

கலியபெருமாளின் முகம் மலர்ந்தது. வேறு சொல் கிடையாது. காலையிலிருந்து காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதன், ஐந்து மணிக்குக் கேஸ் எழுதப் போகிறார்கள் என்று தெரிந்த மனிதன், வாய் நிறையச் சிரித்தார்.

"ஒரே சுத்தா? அப்ப அவங்களுக்குப் பாடம் ஏறிடுச்சு!"

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது போல வாயை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு கேட்டதற்கெல்லாம் ஒரே பதில்: "நான் எடுக்கலம்மா."

வெளியே வந்ததும் ஷஹாபுதீன் கையைத் தட்டினார். "முடிஞ்சுது மேடம். ஒப்புக்கிட்டான். கூட்டாளிங்க இருக்காங்க. 'அவங்களுக்கு'ன்னான் பாருங்க, ரெண்டு மூணு பேர். பாடம் சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்கான்."

"அரியாங்குப்பத்துக்கு விடுங்க பாய்."

"அது சரி. ஆனா திருடின வண்டியை யாராவது மெக்கானிக் ஷெட்டுக்கு ஓட்டிட்டுப் போவாங்களா?"

"திருடன் போகமாட்டான்." சுமலதா ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். "அந்தக் கொட்டகையில நடந்ததை யோசிச்சுப் பாருங்க. பழைய பெட்ரோலை இறக்கியாச்சு. மண் வாளி வச்சாச்சு. புதுசா ஒட்டினதைக் கழட்டியாச்சு. பழைய சாமானைப் பத்திரமா எடுத்தாச்சு. ஆள் இல்லாத ரோட்ல கை காட்டியாச்சு. சுவத்துல இருக்கறதை ஒண்ணு விடாம செஞ்சிருக்காங்க."

"எழுதினவன் கலியபெருமாள். அவன்தான் செய்வான்."

"நீங்க டாக்ஸி ஸ்டாண்டுல புதுப் பசங்களுக்கு என்ன புத்தி சொல்வீங்க?"

ஷஹாபுதீன் கொஞ்சம் யோசித்தார். "நாப்பதுக்கு மேல போகாதே. தூக்கம் வந்தா ஓரங்கட்டு. சாப்பிட்டுட்டு ஓட்டாதே."

"நீங்க?"

 மாருதி அப்போது அறுபதில் போய்க்கொண்டிருந்தது. ஷஹாபுதீன் மெல்ல ஐம்பதுக்கு இறக்கினார்.

"புத்தி சொல்றவங்க அதும்படி நடக்கறதில்ல பாய். தொழில் தெரிஞ்சவன் மண் வாளி தேடமாட்டான். ஒவ்வொரு வரியா பயந்து பயந்து செய்யறது புதுசா கத்துக்கிட்டவங்கதான். அந்த வீட்ல பாடம் நடந்தது ஆறு வாரம். கோபிநாத் கவனிக்கல. வேற யாரோ கவனிச்சிருக்காங்க."

"யாரு?"

"அதை பதினொண்ணாவது வரி சொல்லும்."

ஆற்றுப் பாலத்தைக் கடந்து அரியாங்குப்பம் கடைத்தெருவுக்குப் பின்னால் திரும்பினால் அம்மாவாசையின் பட்டறை. லாரிக்கும் டிராக்டருக்கும் பிரேக் லைனிங் ஒட்டுகிற இடம். நடுவில், நாலு மூலையும் மரக்கட்டைமேல் ஏற்றி, கரும்பச்சை நிறத்தில், யானைக் காது மாதிரி இரண்டு பக்கமும் அகன்ற மட்கார்டோடு நின்றுகொண்டிருந்தது வோக்ளேர். முன் சக்கரங்கள் இரண்டும் கழற்றியிருந்தன. பக்கத்தில் அந்தக் கோணிப்பை.

 ஷஹாபுதீனுக்கு இரண்டு மணி நேரத்தில் கேஸ் முடிந்துவிட்ட சந்தோஷம் ஒரு பக்கம். இவ்வளவு அழகான வண்டிக்கு நீல விளக்குச் சரம் மாட்டிய மனிதனை நினைத்து வந்த கோபம் இன்னொரு பக்கம்.

"இது யார் வண்டி?" என்றார் அதட்டலாக.

அம்மாவாசை நிமிரவில்லை. "ஓனரு வண்டி."

"ஓனர் எங்க?"

"காலையிலே கொண்டாந்து விட்டுட்டு ஆட்டோ புடிச்சுப் போனாங்க. அஞ்சே முக்கால் இருக்கும். நான் பல்லுகூட விளக்கல. நனைஞ்சு வந்து நிக்கறாங்க.  பாலத்துல இறங்கறப்ப வண்டி நிக்கவே இல்லியாம். ஹேண்ட் பிரேக்கைப் புடிச்சி இழுத்துக்கிட்டே வந்திருக்காங்க."

"ஓனர்னு எப்படித் தெரியும்? திருட்டு வண்டியா இருந்தா?"

இப்போது அம்மாவாசை நிமிர்ந்தார். அவமானப்பட்ட முகம். "என்னை யாருன்னு நினைச்சீங்க? ஆர்.சி. புக் பார்க்காம நான் ஒரு போல்ட்டு கழட்ட மாட்டேன். ஜெராக்ஸ் குடுத்துட்டுப் போயிருக்காங்க." டிராயரைத் திறந்து தாளை நீட்டினார்.

ஷஹாபுதீன் வாங்கினார். வண்டியின் பெயர், எண், நிறம். உரிமையாளர் என்ற இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். எழுத்து மாறவில்லை.

திருமதி கோ. துர்கா.

"மோர் குடுத்தவங்களா?" என்றார் ஷஹாபுதீன்.

சுமலதா சிரித்தாள். "கலியபெருமாள் கோபிநாத்தை எத்தனை தடவை 'அவரு'ன்னாரு கவனிச்சீங்களா? ஒரு தடவைகூட மாறல. ஒரே சுத்துல ஸ்டார்ட் ஆச்சுன்னதும் 'அவங்களுக்கு'ன்னாரு. கூட்டம் இல்ல பாய், ஒருத்தங்கதான். மரியாதை. அதுக்கப்புறம் வாயைத் திறக்கல பாருங்க, அதுவும் அதுக்குத்தான். யாருன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுது. வண்டியே அவங்க பேர்லதான் இருக்குங்கறது மட்டும் எனக்கும் புதுசு."

"அப்ப கம்ப்ளெயின்ட் குடுத்தவருக்கு வண்டியே இல்ல. திருடுனவங்க வண்டியைத் திருடவே இல்ல. உள்ள உக்காந்திருக்கறவன் ஒண்ணுமே பண்ணல," என்றார் ஷஹாபுதீன். "நாம எதுக்கு மேடம் வந்தோம்?"

சுமலதா செல்போனை எடுத்தாள். "கோபிநாத் சார், வண்டி கிடைச்சிருச்சு. அரியாங்குப்பம் வாங்க. வீட்லயும் கூட்டிட்டு வாங்க. ஒரு கையெழுத்து தேவைப்படுது."

இருபது நிமிஷத்தில் வந்தார்கள். கோபிநாத் வண்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கழற்றிய சக்கரங்களைப் பார்த்துக் கத்தினார். "இங்கதான் ஒளிச்சு வச்சிருக்கானா? பார்ட் பார்ட்டா கழட்டி விக்கப் பார்த்திருக்கான். ஒன்பது மணிக்கே போலீஸ்ல புடிச்சுக் குடுத்தது நல்லதாப் போச்சு!"

"யாரைப் புடிச்சுக் குடுத்தீங்க?" என்றாள் துர்கா.

"கலியபெருமாளைத்தான்."

துர்காவின் கையிலிருந்த பை கீழே விழுந்தது. "ஐயோ, அவர் என்ன பண்ணார்? காலையிலேர்ந்து அங்கயா இருக்கார்? யாருமே எங்கிட்ட சொல்லலியே!" சுமலதாவிடம் திரும்பினாள். "நான்தான்ங்க கொண்டாந்தேன். அவருக்குத் தெரியவே தெரியாது. ஞாயித்துக்கிழமை தாண்டட்டும், திட்டு வாங்கிக்கலாம்னு இருந்தேன். வாங்க, இப்பவே போய்ச் சொல்லிடலாம்."

கோபிநாத் சிரித்தார். நிஜமாகவே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீயா? நீ ஸ்கூட்டிதானே ஓட்டுவ?"

"ஆறு வாரம் உங்களுக்கு டீ கொண்டாந்தேன் இல்ல? நீங்க போன்ல இருந்தீங்க. அவர் யாருக்குத்தான் சொல்றதுன்னு தெரியாம எனக்குச் சொன்னார். கடைசி ரெண்டு வாரம் பின்னாடி மனையில நானே ஓட்டிப் பார்த்தேன். நேத்து மத்தியானம் நீங்க மீட்டிங் போனதும் கட்டையிலேர்ந்து இறக்கினேன். பிரேக்கைப் பத்தி உங்ககிட்ட எத்தனை தடவை சொன்னேன்?"

"என் வண்டியை என்னைக் கேக்காம..."

"சார்," என்று ஷஹாபுதீன் ஜெராக்ஸ் தாளை நீட்டினார். "இதையும் ஒரு தடவை வாசிச்சிடுங்க."

கோபிநாத் வாசித்தார். ஞாபகம் வந்தது. "ஜோசியர் என் பேர்ல இரும்பு ஆகாதுன்னாரு," என்று முனகினார். "அதுக்காக ஓனர்னு ஆயிடுமா?"

"ஆயிடும்," என்றார் அம்மாவாசை, வேலையை நிறுத்தாமல்.

கோபிநாத்துக்கு முகம் சிவந்தது. நாலு பேர் எதிரில் தோற்றுப் பழக்கமில்லாத மனிதர். "சக்கரத்தை மாட்டுய்யா. பிரேக்கெல்லாம் போதும். பீச் ரோட்ல பத்து கிலோமீட்டர் ஸ்பீடுல போற வண்டிக்கு என்ன பெரிய பிரேக்? நான் நிறுத்திக்குவேன்."

 துர்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஏறி உக்காருங்க. ஸ்டார்ட் பண்ணித் தர்றேன். நிறுத்திக் காட்டுங்க. காட்டிட்டா எடுத்துட்டுப் போங்க."

வண்டியின் முன்னால் போய்க் குனிந்தாள். இரும்புக் கைப்பிடியை, கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு சேர்த்து வைத்துப் பிடித்து, கீழிருந்து மேலே ஒரு இழுப்பு. வோக்ளேர் இருமி, உறுமி, ஓட ஆரம்பித்தது. ஷஹாபுதீன் தன்னை அறியாமல் "சபாஷ்" என்றார். துர்கா பக்கத்து சீட்டில் ஏறி, அவரைக் கிளட்சை மிதித்து விடச் சொல்லிக் கியரைப் போட்டாள். காற்றில் தூக்கி நிறுத்திய பின்சக்கரங்கள் இரண்டும் மெல்லச் சுற்றின.

"நாளைக்கு இதே ஸ்பீடுதான். படியில பிள்ளைங்க நிக்குது. எதிர்ல கூட்டத்திலேர்ந்து ஒரு குழந்தை ஓடிவருது. நிறுத்துங்க."

கோபிநாத் வலது காலை ஓங்கி நடு பெடலில் வைத்தார்.

என்ஜின் அலறியது. பின்சக்கரங்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றன. பட்டறைத் தூசி எழும்பிக் கூரைக்குப் போனது. வண்டி நிற்காததால் அவர் இன்னும் பலமாக மிதித்தார். பயந்தவன் அதைத்தான் செய்வான். மட்கார்டுகள் தடதடவென்று ஆடின. மரக்கட்டைகள் முனகின. துர்கா கையை நீட்டி ஒரு சுவிட்சைத் தட்டினாள். எல்லாம் அடங்கியது.

"நடுவுல இருக்கறது ஆக்சிலரேட்டர்," என்றாள் அவள் மெதுவாக. "அந்தக் காலத்து வண்டியில அப்படித்தான். பிரேக்கு வலது ஓரம். மொத ஞாயித்துக்கிழமை, மொத பாடம்."

 கோபிநாத்தின் கண், வண்டிக்குப் பக்கவாட்டில் இருந்த படியின்மேல் போய் நின்றது. இடப்பக்கம் மூன்று பேர், வலப்பக்கம் மூன்று பேர் என்று அவரே போன வாரம் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்த இடம்.

ஷஹாபுதீன் தன் காலைப் பார்த்தார். நிற்கிற இடத்திலேயே, கோபிநாத் மிதித்த அதே நேரத்தில், அவருடைய வலது காலும் அதே நடு இடத்தைத் தரையில் மிதித்திருந்தது. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் உள்ள கால். அதை அவர் யாரிடமும் சொல்வதாக இல்லை.

கோபிநாத் இறங்கிப் பட்டறை ஓரமாகப் போய்ச் செல்போனில் பேசினார். விழாக்குழு போலிருக்கிறது. "வண்டி வராதுங்க... இல்ல இல்ல, கிடைச்சிருச்சு... வண்டியில ஒரு குறையும் இல்ல." சற்று நேரம் எதிர்முனை ஏதோ கேட்டது. "டிரைவர் சரியில்லங்க," என்றார் கோபிநாத்.

காவல் நிலையத்தில் எழுதி வாங்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. சொந்த வண்டியைச் சொந்தக்காரியே எடுத்துப் போனதாக எப்படி எழுதுவது என்று ஏட்டுக்கு விளங்கவில்லை. கோபிநாத் சொல்லச் சொல்ல ஏட்டு இரண்டு தாள் கிழித்துப் போட்டார். மூன்றாவது தாளைச் சுமலதாவே எழுதிக் கொடுத்தாள். துர்கா கையெழுத்துப் போட்டாள்.

கலியபெருமாள் வெளியே வந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்குங்கண்ணே," என்றாள் துர்கா. அழுதுவிடுவாள் போலிருந்தது. "உங்களைப் புடிப்பாங்கன்னு சத்தியமா நினைக்கல. முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"சொல்லியிருந்தா விட்டிருக்கவே மாட்டேன்மா. அந்த பிரேக்கை வச்சிக்கிட்டு பாலம் ஏறலாமா? புத்தி இருக்கா?" என்றார் அவர். கோபமாகத்தான் சொன்னார்.

கோபிநாத் முன்னால் வந்து தொண்டையைக் கனைத்தார். "கலியபெருமாள்... வாங்க. வீட்ல விட்டுடறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை நீங்க வந்தீங்கன்னா, போனை உள்ள வச்சிட்டு வந்து உக்கார்றேன்."

"இல்ல சார், நடந்தே போறேன்," என்றார் கலியபெருமாள். குரலில் மரியாதை குறையவில்லை. "எங்க தெருவுல எல்லாரும் பார்க்க ஜீப்புல ஏத்தினாங்க. இனிமே அந்த வீட்டு வாசப்படி மிதிக்க எனக்கு மனசு வராது."

 ஷஹாபுதீனுக்கு நாக்கு நுனியில் ஒரு நகைச்சுவை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"நீங்க வர வேணாம்ணே," என்றாள் துர்கா. "பிரேக்கு வேலை முடிஞ்சதும் வண்டியை உங்க தெருவுக்கு நான் கொண்டாறேன். அங்கயே வச்சு ரெண்டு பேருக்கும் சொல்லிக்குடுங்க."

கலியபெருமாள் வண்டிகள் பறக்கும் சாலையைப் பார்த்தார்.

"பகல்லயே கொண்டாங்க," என்றார். "தெருவுல நாலு பேர் பார்க்கட்டும்."